எருக்கஞ்செடி முன்னால் இருபது நிமிடம்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: இரண்டு வருடமாக நீர்வண்ணம் பழகுகிறேன், பின்டெரஸ்ட் என்கிற இணையதளத்தில் வருகிற படங்களைப் பார்த்து வரைந்தால் ஓரளவு வருகிறது, சொந்தமாக எதுவும் வரமாட்டேன் என்கிறது, எல்லாரும் இயற்கையிடம் போ, தானாக வரும் என்கிறார்கள், அதற்காகவே 3 நாள் கொடைக்கானல் போனேன், 400 போட்டோ எடுத்தேன், ஸ்கெட்ச் நோட்டில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை, எனக்கு அந்த மனசே இல்லையோ? கூடவே போகிற போக்கில் ஒரு வரி: தங்கிய லாட்ஜின் பின்சுவரில் இருந்த பாசியை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் மனசுக்கு ஒரு குறையும் இல்லை. போன இடம்தான் தோதில்லை. தூண் பாறையைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும் என்று கம்பி வேலி போட்டு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள், கோக்கர்ஸ் வாக்கில் நடந்தால் எந்தத் திருப்பத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்று முன்னால் போகிற கூட்டமே காட்டிக்கொடுத்துவிடும், பைன் காடு என்று எல்லாரும் படம் பிடிக்கிற இடம்கூட நட்டு வளர்த்த காடுதான். நாம் போவதற்கு முன்பே அந்தக் காட்சிகளை காலண்டரிலும் சினிமாப் பாட்டிலும் நூறு தடவை பார்த்தாயிற்று. நேரில் போய் நின்றால் "ஆமாம், அதே மாதிரிதான் இருக்கிறது" என்பதற்கு மேல் மனசு நகர்வதில்லை. நானும் 22 வயதில் இதையே செய்தேன். ஒரு வாரம் லீவு போட்டு ஊட்டிக்குப் போய், பதினோரு படம் வரைந்துகொண்டு வந்து, எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் முன்னால் பெருமையாக விரித்தேன். பதினொன்றிலும் ஒரே நீல முக்கோணம், பின்னால் இன்னொரு வெளிர்நீல முக்கோணம். அவர் ஒன்றும் திட்டவில்லை. "மலையைப் பாத்தியா, காலண்டரைப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இன்ஸ்பிரேஷன் என்று நாம் சொல்கிற அந்தச் சமாச்சாரம் பெரும்பாலும் மயிர்க்கூச்செறியும் பரவசமாக வருவதில்லை, "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்கிற சின்னச் சந்தேகமாக வருகிறது. சந்தேகம் வந்ததும் கை தானாகப் பென்சிலைத் தேடும். ஆனால் சந்தேகம் வருவதற்கு, நமக்கு ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோகிற வரைக்கும் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு மலைத்தொடரில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர மாதக்கணக்காகும். ஒரு களைச்செடியில் பத்து நிமிடம் போதும்.

எனக்கு அது எருக்கு. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை, அதில் யாரும் வைக்காமல் தானாக வளர்ந்து ஆள் உயரத்துக்கு நின்ற செடி. காலில் அடிபட்டு ஒரு மாதம் வெளியே போக முடியாமல் திண்ணையில் கிடந்தபோது வேறு வழியில்லாமல் அதை வரைய ஆரம்பித்தேன். முதல் நாள் வரைந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும்: நடுவில் ஒரு தண்டு, இடமும் வலமும் ஏணிப்படி போல இலைகள். மூன்றாம் நாள்தான் ஏதோ இடிக்கிறதே என்று கம்பை ஊன்றிக்கொண்டு போய் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். ஒரு ஜோடி இலை கிழக்கு மேற்காக விரிந்திருந்தால் அதற்கு அடுத்த ஜோடி வடக்கு தெற்காக விரிந்திருக்கிறது, அடுத்தது மறுபடி கிழக்கு மேற்கு. மேலேயிருந்து பார்த்தால் கூட்டல் குறி. அப்படி இருந்தால் மேல் இலையின் நிழல் நேர் கீழே இருக்கிற இலையில் விழுவது குறையும். முப்பது வருடமாகப் பிள்ளையாருக்கு அதன் பூவை மாலை கட்டிப் போட்டிருக்கிறோம், இதைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகத் தெரியும், ஆனால் விடிந்ததும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஊட்டியில் ஒரு வாரத்தில் ஒரு நாள்கூட அப்படி இருக்கவில்லை.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. இலையின் மேல் மாவு தூவினது போல வெள்ளைப் பூச்சு, விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் கரும்பச்சையாகிவிடும், அதனால் எந்த டியூப் பச்சையும் அந்த இலைக்குப் பொருந்தாது. பூவின் நடுவில் கிரீடம் போல நிற்கிற ஐந்து பட்டை. வெயில் ஏறினதும் ஒரு பெரிய கருவண்டு வரும், இறக்கையில் சாய்ந்த வெளிச்சம் பட்டால் ஊதா. இலைக்கு அடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பட்டை போட்ட புழு, முதுகில் மூன்று ஜோடி கொம்பு. அந்தப் புழுதான் ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு விளிம்பு வைத்த பட்டாம்பூச்சியாகிறது என்று கண்ணால் பார்த்த வாரம், வெறும் இலைப்படமாக இருந்த நோட்டு வேறு ஏதோவாக மாறிப்போனது. நான்கு மாதத்தில் அறுபது பக்கம். கால் எப்போதோ சரியாகிவிட்டது.

மரியா சிபில்லா மெரியன் என்று ஒரு ஜெர்மன் பெண்மணி இருந்தார், 1647-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்து, ஒவ்வொரு புழுவையும் அது தின்கிற செடியோடும், கூட்டுப்புழுவோடும், கடைசியில் வருகிற பூச்சியோடும் ஒரே படத்தில் சேர்த்து வரைந்தார். புழு பூச்சிகள் எல்லாம் அழுகலிலிருந்தும் சேற்றிலிருந்தும் தானாக உண்டாகின்றன என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்த காலம் அது. 52 வயதில், 1699-இல், மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்கே கப்பல் ஏறிவிட்டார், 1705-இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் அழகாக ஏதாவது வரைவோம் என்று அவர் கிளம்பியதாக எனக்குத் தோன்றவில்லை, இந்தப் புழு என்ன ஆகும் என்று தெரிந்தாக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

களைச்செடியை எல்லாம் யார் ஓவியமாக மதிப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். ஆல்பிரெக்ட் டியூரர் என்கிற ஜெர்மன் ஓவியர் 1503-இல் ஒரு பிடி புல்லை வரைந்தார். சும்மா புல்தான், இடையில் வாழை இலையைச் சுருக்கினது போன்ற ஒரு பூண்டு, பூ மூடிக்கிடக்கிற இன்னொரு பூண்டு, கீழே மண் விலகித் தெரிகிற வேர், பின்னால் வெறும் வெள்ளை. நோட்டுப்புத்தகத்தை விரித்துவைத்த அளவுதான் இருக்கும். தேவாலயத்துக்காகப் பெரிய பெரிய படங்கள் வரைந்த மனிதர், இன்றைக்கு வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் அந்தப் புல்லுக்காகவும் ஆட்கள் போகிறார்கள். அதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அதன் கோணம். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் புல் அப்படித் தெரியாது, ஒரு எலியின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் தெரியும்.

நம் பக்கத்திலும் இது ஒன்றும் புதிதில்லை. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: தலைவன் என்னோடு கூடின அன்றைக்கு அவனைத் தவிர சாட்சி யாரும் இல்லை, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகுதான் இருந்தது என்று ஒருத்தி சொல்கிறாள். அந்தக் குருகின் காலைத் 'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால' என்கிறார். தினையின் தாள் போல மெல்லிசான, பச்சை ஓடின கால். நம் வயலில் நிற்கிற மடையான் கொக்கைப் போய்ப் பாருங்கள், கால் மங்கின பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். கொக்கு என்றதும் நாம் கறுப்பிலோ ஆரஞ்சிலோ இரண்டு கோடு இழுத்துவிடுகிறோம், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒருத்தர் நிறத்தையும் தடிமனையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார், அதோடு அந்தப் பறவைக்கு மீனின் மேல்தான் கண், நடந்ததை அது கவனித்தே இருக்காது என்பதையும். பாட்டின் சோகம் முழுக்க அந்தப் பறவையின் பார்வை எங்கே இருந்தது என்பதில் இருக்கிறது. இதை அலங்காரம் என்று சொல்லிக்கொடுத்தால் எனக்குக் கோபம் வரும்.

மாமல்லபுரத்துக்குக் கட்டாயம் ஒரு தடவை நோட்டோடு போங்கள். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் சொல்கிற அந்தப் பாறைக்கு முன்னால் எல்லாரும் யானையைத்தான் போட்டோ எடுப்பார்கள், எடுக்கட்டும். நீங்கள் மானைத் தேடுங்கள். பின்னங்காலைத் தூக்கிக் குளம்பால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிற ஒரு மான். மேலே தேவர்களும் கின்னரர்களும் பறந்து வருகிறார்கள், பெரிய தவம் நடக்கிறது, கீழே இந்த மானுக்கு மூக்கு அரிக்கிறது. 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி அதை ஏதோ சாஸ்திரத்தில் அளவு பார்த்துச் செய்தார் என்று என்னை நம்பவைக்க முடியாது, எங்கேயோ மான்கள் படுத்திருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சொறிகிறபோது கழுத்து எவ்வளவு வளையும், உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை உங்கள் தெருநாய் காதைச் சொறியும்போது வரைந்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதைக் கருங்கல்லில் செய்திருக்கிறார். பக்கத்திலேயே ஒரு குரங்குக் குடும்பம் தனிச் சிற்பமாக இருக்கிறது, ஒன்று பேன் பார்க்கிறது, ஒன்று குட்டிக்குப் பால் கொடுக்கிறது. நான் ஒரு நாள் முழுக்க அந்த மானோடும் குரங்குகளோடும் முடித்துக்கொண்டு கடற்கரைக் கோயில் பக்கமே போகாமல் பஸ் ஏறியிருக்கிறேன்.

சரி, நீங்கள் கேட்டது எப்படி என்று.

வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் நடந்து போகிற தூரத்தில் ஒரு இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரம், கண்மாய்க் கரை, ஒரு பனைமரம், ஒன்றும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு முருங்கை. அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை, தினமும் போக முடிகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு மாதத்துக்கு வண்ணம் வேண்டாம், பென்சில் மட்டும். இருபது நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள், நன்றாக வந்துகொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள், மறுநாள் போவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். தாளின் பின்பக்கம் தேதி, நேரம், வெயிலா மூட்டமா, காற்று எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜான் கான்ஸ்டபிள் என்கிற ஆங்கிலேய ஓவியர் 1821, 1822 வருடங்களில் லண்டனுக்குப் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து மேகத்தை மட்டும் படம் படமாக வரைந்து தள்ளினார், பலவற்றின் பின்னால் நாள், மணி, காற்றின் திசை எல்லாம் குறித்துவைத்திருக்கிறார். எனக்கு அது ஓவியனின் நோட்டு மாதிரியும் இருக்கும், மழை எப்போது வரும் என்று பார்க்கிற விவசாயியின் கணக்கு மாதிரியும் இருக்கும். இப்படிக் குறித்துவைப்பதன் பலன் உடனே தெரியாது. மூன்று வாரம் கழித்துப் புரட்டும்போது ஒரே பனைமரம் காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் இரண்டு வேறு மரமாக இருப்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். பிரெஞ்சு ஓவியர் கிளோட் மோனே 1890, 91-இல் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த கதிர்ப்போர்களை வைத்து 25 படம் வரைந்ததும் இந்தப் பித்துதான், வெளிச்சம் மாற மாற கான்வாஸை மாற்றிக்கொண்டே இருந்தார். வைக்கோற்போரில் அப்படி என்ன இருக்கிறது என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள், நியாயம்தான்.

பனைமரம் என்றதும் ஒன்று. பத்துப் பேர் வரைந்தால் எட்டுப் பேர் தென்னையை வரைந்துவிட்டுப் பனை என்பார்கள். தென்னை ஓலை இறகு மாதிரி, பனை ஓலை விசிறி மாதிரி. காய்ந்த ஓலை வெட்டாத மரத்தில் பாவாடை போலத் தொங்கும். ஆண் பனையில் நுங்கு காய்க்காது, பாளையைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டுப் போகாதீர்கள், வரைந்துவிட்டு வந்து பனை ஏறுகிறவர் யாரிடமாவது காட்டுங்கள், தப்பை அவர் சொல்வது போல எந்த ஆர்ட் டீச்சரும் சொல்ல மாட்டார்.

வெளியே உட்கார்ந்து வரைந்தால் ஆள் கூடும், அதற்கும் தயாராக இருங்கள். என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "என்ன சார், சர்வேயா? ரோடு வருதா?" என்பதுதான். ஒரு தடவை ஊர்ப் பெரியவர் ஒருவர் வேலியை எந்தப் பக்கம் காட்டியிருக்கிறேன் என்று நோட்டை வாங்கிச் சரிபார்த்தே விட்டார். இரண்டு நாள் பொறுங்கள், மூன்றாம் நாள் அவர்களே "நேத்து இங்க ஒரு கீரிப்பிள்ளை வந்துச்சு, நீங்க பாக்கலையே" என்று தகவல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போட்டோவைப் பற்றி. எடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன், வரைந்து முடித்த பிறகு எடுங்கள். போன் கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும், இல்லாவிட்டால் வானத்தை வெள்ளையாக்கிவிடும். அகலமான லென்ஸ் என்பதால் தூரத்து மலை சுருங்கி, காலடியில் இருக்கிற கல் பெரிதாகிவிடும், உங்கள் 400 படத்தில் மலை ஏன் அவ்வளவு குட்டியாக இருக்கிறது என்று யோசித்திருப்பீர்களே, இதுதான் விஷயம். அதைவிட முக்கியம், கிளிக் பண்ணினதும் மனசு "பத்திரமாக வைத்தாயிற்று" என்று பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

இரண்டாம் மாதம் வண்ணம் எடுங்கள். சாப் கிரீன் என்கிற பச்சையை டியூபிலிருந்து அப்படியே பூசினால் எந்த மரமும் பிளாஸ்டிக் மரமாகிவிடும். அல்ட்ராமரின் நீலத்தோடு எல்லோ ஓக்கர் என்கிற மண்மஞ்சளைக் கலந்து பாருங்கள், நம் ஊர்ப் புழுதி படிந்த பச்சை கிட்டத்தட்ட வந்துவிடும். காக்காய்க்குக் கறுப்பு டியூபைத் தொடவே வேண்டாம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் அல்ட்ராமரினும் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும், நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் இறக்கையின் பளபளப்பு. வீட்டுக் காக்காய்க்குக் கழுத்து சாம்பல் என்பதை மறந்துவிடாதீர்கள், முக்கால்வாசிப் பேர் மறக்கிறார்கள், தினமும் சோறு வைக்கிறவர்கள் உட்பட.

அப்புறம் 'சொந்தமாக' என்று கேட்டீர்களே, அதற்கு உங்கள் ஊர்ப் பட்டுப்புடவைக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள். கிண்டல் இல்லை. மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வாடாமல்லி, மிளகாய்ப்பழச் சிவப்பு, மாந்தளிர் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போவது எல்லாம் யாரோ கண்ணால் பார்த்துப் பெயர் வைத்த நிறங்கள். மாந்தளிரைப் பாருங்கள், மாமரத்தின் புதுத்துளிர் பச்சையே இல்லை, செம்பு நிறம், பார்க்காதவனுக்கு அந்தப் பெயர் தோன்றியிருக்காது. கரையில் தாழம்பூ ரேக்கு என்று இரண்டு பக்கமும் பல் பல்லாக வருமே, அதில் தாழம்பூவின் படம் எங்கேயும் இல்லை, தாழை மடலின் கூர்மை மட்டும் இருக்கிறது. மல்லிமொக்கு என்றால் உடல் முழுக்கச் சின்னச் சின்னதாக மொக்கின் வடிவம், காம்பு இல்லை, இலை இல்லை. அந்த நெசவாளர் பூவைக் காப்பி அடிக்கவில்லை. பூவில் தனக்கு எது வேண்டும் என்று முடிவு செய்து மற்றதை விட்டுவிட்டார். அறுபது பக்கம் எருக்கு வரைந்தபிறகு எனக்கும் இலையே தேவைப்படவில்லை, அந்தக் கூட்டல் குறி மட்டும் போதுமாக இருந்தது. அதை வைத்துச் செய்த ஆறு படங்களைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட எருக்கு என்று சொல்லவில்லை, ஒருவர் கோயில் கோபுரத்தை மேலேயிருந்து பார்த்தது போல இருக்கிறது என்றார். முதல் நாளே இந்த இடத்துக்குத் தாவப் பார்த்தால் வராது, வந்தாலும் பின்டெரஸ்டில் பார்த்த வேறு யாருடையதாகவோதான் இருக்கும்.

பின்டெரஸ்டை அழிக்க வேண்டியதில்லை. ஒருவர் எப்படி நிழல் போடுகிறார், தண்ணீரை எங்கே காயவிடாமல் வைத்திருக்கிறார் என்று கைவேலையைக் கற்றுக்கொள்ள அது நல்ல இடம். எதை வரைவது என்று மட்டும் அங்கே போய்க் கேட்காதீர்கள்.

இப்போது அந்தப் பாசி. நீங்கள் 3 நாளில் சரியாகப் பார்த்தது அந்த ஒன்றைத்தான், அதுவும் யாரும் காட்டாமல், வேலி போடாத இடத்தில். எதற்காக நின்றீர்கள் என்று யோசித்து ஒரு தாளில் எழுதுங்கள்: நிறமா, ஈரமா, சுவரின் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு அது வளர்ந்த கோடா? அதற்காகத் திரும்ப மலை ஏற வேண்டாம். ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்ததும் உங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வடக்குப் பக்கம், வெயில் படாத மூலையைப் போய்ப் பாருங்கள், கோடை முழுக்கக் கருகின தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது பச்சையாகியிருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. பாசியின் மேல் தலைமுடி போல நிமிர்ந்து நிற்கிற காம்புகளும் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் குடுவையும் இருந்தால் அதில் ஆரம்பியுங்கள். சில குடுவைகளுக்கு மூடி இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை, வரைந்து பாருங்கள்.